பகலில் கடிக்கும் கொசுவும் தீவுப் பயணமும்

அக்டோபர் 4: வாசகர் கேட்டது

"அடுத்த ஆண்டு தொடக்கத்தில் குடும்பத்தோடு ஏதாவது ஒரு வெப்பமண்டலத் தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். மாலத்தீவு, மொரீஷியஸ், வனுவாட்டு மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. மகளுக்கு மூன்று முடிந்திருக்கிறது. கடற்கரையில் எப்போதும் காற்று அடிக்கும், கொசு நிற்காது, இரவில் ஏ.சி. அறையில் தூங்கினால் போதும் என்கிறார்கள். மலேரியா மாத்திரை போட்டுக்கொண்டால் எல்லாக் கொசுக் காய்ச்சலுக்கும் சேர்த்து ஆகிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். சரிதானா?"

அக்டோபர் 4, இரவு

காற்றைப் பற்றிச் சொன்னது பாதி சரி. மாத்திரையைப் பற்றிச் சொன்னது ஆபத்தில் கொண்டுபோய் விடும், அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மலேரியா மாத்திரை மலேரியாவைத் தடுக்கும், அவ்வளவுதான். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றும் வைரஸால் வருபவை. அவற்றிடம் அந்த மாத்திரை செல்லாது. நீங்கள் யோசிக்கும் மூன்று நாடுகளில் இரண்டில் மலேரியா பரவலே இல்லை. டெங்கு மூன்றிலும் வந்துபோகிறது.

அடுத்தது இரவுத் தூக்கம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு அந்தி சாய்ந்தது முதல் விடியும் வரை கடிக்கும். வலையும் மூடிய அறையும் அதற்கு நல்ல காவல். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உச்சம். காலையில் வெளியே உட்கார்ந்து சாப்பிடும்போதும், மாலையில் குளித்துவிட்டு நடக்கக் கிளம்பும்போதும்தான் கடி விழும். இரவில் எவ்வளவு பத்திரமாகத் தூங்கினாலும் இந்த இரண்டு வேளைக்கும் அது உதவாது.

அம்மாவின் வயதைச் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அக்டோபர் 5

காற்று விஷயம். கொசு பலமாகப் பறக்கக்கூடிய பூச்சி இல்லை. கடற்காற்று நேராக வந்து மோதும் மணலில் அதனால் நிலைத்து நிற்க முடியாது, இது உண்மை. ஆனால் நாம் நாள் முழுவதும் அந்த மணலிலா நிற்கிறோம்? நிழலைத் தேடிப் போகிறோம். மரத்தடி, செடிகள் அடர்ந்த நடைபாதை, கூரை மட்டும் போட்ட சாப்பாட்டுக் கூடம், கூரையில்லாத குளியலறை. கொசுவும் அதே நிழலைத்தான் தேடுகிறது.

நான் தங்கிய ஒரு விடுதியில் கடற்கரைப் பக்கம் காலை முழுவதும் ஒரு கடிகூட இல்லை. காலில் ஒட்டிய மணலைக் கழுவ, செடிகளுக்கு நடுவே ஒரு குழாயடி வைத்திருந்தார்கள். அங்கே நின்ற கொஞ்ச நேரத்தில் கணுக்கால் முழுக்கத் தடிப்பு. குனிந்து பார்த்தால் பூந்தொட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி, அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அங்கே வேலை பார்த்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உடனே கவிழ்த்துக் கொட்டினார், சுற்றியிருந்த மற்றத் தட்டுகளையும் அவராகவே போய்ப் பார்த்தார்.

ஏடிஸுக்குக் குளம் குட்டை தேவையில்லை. தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், கூரை ஓரத்து மழைநீர்த் தகரம், படகை மூடிய தார்ப்பாய் மடிப்பு, இவற்றில் தேங்கும் தண்ணீரே போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழையில் நீர்மட்டம் ஏறியதும் பொரியும். வெயில் நாட்டில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இந்தக் கொசு அதிகம் நகராது, பிறந்த இடத்துக்குச் சில நூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் சுற்றும். அதனால் 'அந்தத் தீவில் கொசு உண்டா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், தங்கும் வளாகம் எப்படி என்றும் கேளுங்கள்.

"வாரா வாரம் புகை மருந்து அடிக்கிறோம்" என்று விடுதியில் சொன்னால் அதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். தொட்டித் தண்ணீரில் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று நாளில் அடுத்த கூட்டம் பறக்கும். தேங்கும் தண்ணீரைக் கொட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் சொல்லும் விடுதி நல்ல விடுதி.

அக்டோபர் 5, பிற்பகல்

எந்த அறை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சன்னல்களில் கிழியாத கம்பிவலை இருக்க வேண்டும், கதவு இடைவெளியின்றிச் சாத்த வேண்டும், ஏ.சி. இருந்தால் நல்லது. கூரையில்லாத குளியலறை படத்தில் அழகாக இருக்கும், குழந்தையோடு போகும்போது எனக்கு அது வேண்டாம்.

அக்டோபர் 7

வரைபடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஏனென்றால் 'தீவு' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிப் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம் வருகிறது.

முதலில் மலேரியா. மாலத்தீவு 2015-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இலங்கை 2016-இல். அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1963-இல் இலங்கையில் மொத்தமே 17 மலேரியா நோயாளிகள். முடிந்துவிட்டது என்று மருந்தடிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளிகள் லட்சக்கணக்கில் ஆனார்கள். மறுபடி ஒழிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. மொரீஷியஸும் 1973-இல் சான்று பெற்று, 1975-இல் பெரும் புயல் அடித்த பிறகு மலேரியாவை மறுபடி கண்டது. புயல் வீடுகளைச் சாய்த்தது, தண்ணீர் எங்கும் தேங்கியது, வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் சிலரின் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது. மறுபடி துடைத்தெடுக்க 1990-களின் கடைசி வரை ஆனது. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வந்திறங்குகிறவர்களை மொரீஷியஸ் கூர்ந்து கவனிப்பது இதனால்தான். விசாரித்தால் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். அந்தத் தீவு அனுபவித்துத் தெரிந்துகொண்டது அது.

பசிபிக்கில் ஒரு கோடு இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பக்ஸ்டன் கோடு என்பார்கள். கிழக்குத் தீர்க்கரேகை 170, தெற்கு அட்சரேகை 20. இதற்குக் கிழக்கிலும் தெற்கிலும் அனாபிலிஸ் கொசு போய்ச் சேரவில்லை. அதனால் ஃபிஜி, சமோவா, டோங்கா, தஹிதி, நியூ கலிடோனியா எதிலும் மலேரியா இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு மூன்றிலும் உண்டு. பப்புவாவிலும் சாலமனிலும் அதிகம், வனுவாட்டுவில் குறைவு.

ஆக, உங்கள் பட்டியலில் மலேரியா மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய இடம் வனுவாட்டு மட்டும்தான். அங்கே விவாக்ஸ் என்ற மலேரியா வகை அதிகம். அது கல்லீரலில் பதுங்கிக் கிடந்து, திரும்பி வந்து பல மாதம் கழித்தும் காய்ச்சலாக வெளிப்படும். வழக்கமான தடுப்பு மாத்திரைகள் அந்தப் பதுங்கலை அழிப்பதில்லை. அதை அழிக்கும் பிரிமாகுவின், டஃபெனோகுவின் மருந்துகளைக் கொடுப்பதற்கு முன்னால் ஜி6பிடி என்ற நொதி உடலில் குறைவாக இருக்கிறதா என்று கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். குறைபாடு உள்ளவருக்கு அந்த மருந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதும் ஆளைப் பொறுத்தது. அடோவாகுவோன்–புரோகுவானில் தினமும் போட வேண்டும், திரும்பிய பிறகு ஒரு வாரம் தொடர வேண்டும். டாக்ஸிசைக்ளின் திரும்பிய பிறகு நான்கு வாரம். அது எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை, வெயிலில் தோலும் எளிதில் வெந்துபோகும், கடற்கரைக்குப் போகிறவருக்கு அது சின்னத் தொல்லை இல்லை. மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, ஆனால் மனநிலையில் பாதிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. நீங்களாகக் கடையில் கேட்டு வாங்கும் மருந்துகள் இல்லை இவை.

ஆப்பிரிக்கப் பக்கம் மடகாஸ்கர், கொமொரோஸ், சான்சிபார் தீவுகளில் மலேரியா உண்டு. கரீபியனில் ஹைதியும் டொமினிக்கன் குடியரசும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரே ஒரு தீவில்தான் இப்போதும் பரவுகிறது. அதைச் சுற்றியுள்ள தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு டெங்குதான் கவலை.

அக்டோபர் 8

நேற்று எழுதியதில் விட்டுப்போன இரண்டு. பாலிக்குப் போவதாக ஒருவர் சொன்னார். அங்கே நெல்வயலும் பன்றி வளர்ப்பும் சேர்ந்த கிராமப்புறங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் உண்டு. கடற்கரையில் சில நாள் தங்கித் திரும்புகிறவருக்கு வாய்ப்பு மிகக் குறைவு. மாதக்கணக்கில் கிராமத்தில் தங்குவதானால் தடுப்பூசி இருக்கிறது, கேளுங்கள்.

யானைக்கால் நோயை நினைத்துச் சமோவா பயணத்தைக் கைவிட வேண்டாமா என்று இன்னொருவர். அந்த நோய் வர மாதக்கணக்கில், பெரும்பாலும் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட வேண்டும். குறுகிய பயணத்துக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அங்கே அதைப் பரப்பும் ஏடிஸ் பாலினீசியன்சிஸ் பகலில் கடிப்பது, சிரட்டையிலும் நண்டு வளைகளிலும் வளர்வது. அதே கொசு டெங்குவையும் பரப்பும். கொசுவிரட்டி பூசிக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்டோபர் 11

அம்மாவுக்காக. சிக்குன்குனியா ஆளைக் கொல்வது குறைவு, அதனால் டெங்கு அளவுக்கு யாரும் அதை மதிப்பதில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் அண்ணிக்கு ஒரு தீவுப் பயணத்துக்குப் பிறகு வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. மூட்டு வலி போகவில்லை. காலையில் எழுந்து விரல்களை மடக்க முடியாது. பாட்டில் மூடியைத் திறக்க அண்ணனைக் கூப்பிடுவார். கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைக்கும்போது முகம் சுருங்கும். மாதங்கள் ஓடின. அவர் எப்போதும் விரைந்து நடக்கிறவர், அந்த நடையையே மாற்றிவிட்டது.

ரீயூனியன் தீவைப் பார்த்தால் இது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று தெரியும். 2005–06-இல் அங்கே சுமார் 2,66,000 பேருக்கு வந்தது. தீவு மக்களில் மூன்றில் ஒருவர். உச்சத்தில் ஒரே வாரத்தில் 40,000-க்கு மேல். அதற்கு முன்னால் அந்த வைரஸை முக்கியமாகப் பரப்பியது ஏடிஸ் ஈஜிப்தி. ரீயூனியனில் அதிகம் இருந்ததோ ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற இன்னொரு இனம். வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது, அந்தக் கொசுவின் உடலிலும் நன்றாகப் பெருகத் தொடங்கியது. அவ்வளவு சிறிய மாற்றம். 2024-இன் பிற்பகுதியில் அங்கே மறுபடி தொடங்கி 2025-இல் பெரிதாக வெடித்தது. பக்கத்து மொரீஷியஸிலும் 2025-இல் பரவியது.

அறுபது கடந்தவர்களுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் சர்க்கரை, இதயநோய் உள்ளவர்களுக்கும் இது கடுமையாகப் போகலாம். தடுப்பூசி வந்துவிட்டதே என்பீர்கள். இரண்டு வந்திருக்கின்றன. உயிருள்ள, வலுவிழந்த வைரஸால் செய்த ஊசி போட்ட முதியவர்கள் சிலருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வந்ததால், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அதன் உரிமத்தை நிறுத்திவைத்தது. இன்னொன்று வைரஸின் உறையைப் போன்ற துகளால் ஆனது, அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. எது எங்கே கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். 68 வயதில் இதைப் பயண மருத்துவரிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். போகும் மாதத்தில் அந்தத் தீவில் பரவல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பரவல் உச்சத்தில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் என் யோசனை.

அக்டோபர் 12

விரட்டியைப் பற்றி நிறையக் கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதாமல் சேர்த்தே சொல்கிறேன்.

வேலை செய்பவை: டீட், பிகாரிடின், ஐஆர்3535, எலுமிச்சை யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் பிஎம்டி. டீட் 20 முதல் 30 சதவீதம் இருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும். சதவீதம் ஏறினால் அது பாதுகாக்கும் நேரம் நீளும், அவ்வளவுதான். 50-க்கு மேல் போவதால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. வியர்த்தால், நீந்தினால், துடைத்தால் போய்விடும், மறுபடி பூச வேண்டும். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கண்ணாடிச் சட்டத்திலும் கைக்கடிகாரத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிகாரிடின் 20 சதவீதம் பிடிக்கும், பிசுபிசுப்பும் வாடையும் இல்லை. வாடைக்காகப் பூசாமல் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூசிக்கொள்ள மனம் வருகிற விரட்டியை வாங்குங்கள்.

வெயில் தடுப்புக் களிம்பு முதலில், அது காய்ந்த பிறகு மேலே விரட்டி. இரண்டும் கலந்த ஒரே குழாயை வாங்க வேண்டாம். வெயில் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அள்ளிப் பூச வேண்டும், விரட்டியை அப்படிப் பூசக்கூடாது. கூடவே டீட், வெயில் களிம்பின் வலுவை ஓரளவு குறைக்கிறது, அதனால் தொப்பியையும் நிழலையும் விடாதீர்கள்.

மகளுக்கு நீங்கள்தான் பூச வேண்டும். உங்கள் உள்ளங்கையில் எடுத்து அவள் முகத்தில் தடவுங்கள், கண்ணையும் வாயையும் விட்டு. அவள் கையில் பூச வேண்டாம், அது வாய்க்குப் போகும். பிஎம்டி மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாது, உங்கள் மகள் அந்த எல்லையில்தான் இருக்கிறாள், அவளுக்கு வேறொன்றை எடுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், தொட்டிலின் மேல் வலை போதும்.

துணிக்குப் பெர்மெத்ரின், 0.5 சதவீதம். சட்டை, கால்சட்டை, காலுறையில் தெளித்துக் காயவைத்தால் பல முறை துவைத்தாலும் நிற்கும். தோலில் தெளிக்கக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் துணி நன்றாகக் காயும் வரை அதைக் கிட்ட விடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

வேலை செய்யாதவை: வாசனை வளையல், ஒலி எழுப்பும் கருவி, கைபேசிச் செயலி, வைட்டமின் பி மாத்திரை, பூண்டு. குழந்தையின் கையில் ஒரு வளையலை மாட்டிவிட்டு, பாதுகாப்பாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வளையலுக்கும் கணுக்காலுக்கும் எவ்வளவு தூரம்! கொசு கடிப்பது அங்கேதான்.

அக்டோபர் 12, இரவு

கையால் அடித்துக் கொல்வது போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொல்லுங்கள், தவறில்லை. ஆனால் ஏடிஸ் பின்பக்கமாக, தாழ்வாக, சத்தமில்லாமல் வரும். கொஞ்சம் அசைந்தாலும் விலகிப்போய் இன்னொருவரைக் கடிக்கும். ஒரே வேளைப் பசிக்கு இரண்டு மூன்று பேரைக் கடிப்பது அதன் வழக்கம், ஒரு வீட்டில் வரிசையாக எல்லோரும் படுப்பது அதனால்தான்.

அக்டோபர் 15

"ஐந்து மாதக் கர்ப்பம், கடைசி முறையாகக் கணவரோடு ஒரு தீவுப் பயணம்" என்று எழுதிய சகோதரிக்கு.

உங்கள் ஆசையைத் தடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் ஜிகாவைப் பற்றித் தெரிந்த பிறகு முடிவெடுங்கள். இந்த நோயின் வரலாறே தீவுகளில் எழுதப்பட்டது. 2007-இல் மைக்ரோனேசியாவின் யாப் தீவில் முதல் பெரிய பரவல். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 73 சதவீதம் பேருக்குத் தொற்று என்று மதிப்பிட்டார்கள். லேசான காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்பு என்று போய்விட்டதால் உலகம் கண்டுகொள்ளவில்லை. 2013–14-இல் பிரெஞ்சு பாலினீசியா. அங்கே 42 பேருக்குக் கில்லன்-பாரே என்ற, நரம்புகள் தாக்கப்பட்டுக் கைகால் வலுவிழக்கும் நோய். அதன் பிறகு பிரேசிலில்தான் கருவிலிருக்கும் குழந்தையின் தலையும் மூளையும் வளராமல் போவது உலகுக்குத் தெரிந்தது.

ஜிகா தொற்றியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அறிகுறியே தெரியாது. 'எனக்கு ஒன்றும் வரவில்லையே' என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது. தடுப்பூசி இல்லை. உடலுறவாலும் பரவும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கணவர் மட்டும் வேலையாகப் போய்வந்தாலும், பிரசவம் வரை ஆணுறை இல்லாமல் சேரக்கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகளுக்கு: ஆண் போய்வந்தால் மூன்று மாதம், பெண் மட்டும் போய்வந்தால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

இப்போது பரவல் இருக்கும் தீவென்றால் கர்ப்பிணி போகக்கூடாது. முன்பு பரவி, இப்போது அமைதியாக இருக்கும் தீவென்றால் உங்கள் மகப்பேறு மருத்துவர் நிலவரத்தைப் பார்த்துச் சொல்லட்டும். என்னைக் கேட்டால், கொசு இல்லாத குளிர்ப்பிரதேசம் ஒன்றுக்குப் போய்வாருங்கள் என்பேன். தீவு அங்கேயேதான் இருக்கும், மூன்று பேராகப் போகலாம். டீட், பிகாரிடின் இரண்டையும் கர்ப்பிணிகள் பூசலாம், குறிப்பிட்ட அளவில் பூசினால் பாதுகாப்பானவை.

அக்டோபர் 19

பேச்சு எங்கோ போய், கொசுவே இல்லாத வெப்பமண்டலத் தீவு உண்டா என்று ஒருவர் கேட்டார். இருந்தது. ஹவாய். 1826 வரை அங்கே கொசு கிடையாது. ஒரு கப்பலின் குடிநீர்ப் பீப்பாய்களில் கியூலெக்ஸ் என்ற கொசுவின் புழுக்கள் வந்து மௌயி தீவில் இறங்கின. மனிதர்களைவிட அதிகம் இழந்தவை பறவைகள். கொசு மூலம் பறவை மலேரியா பரவி, உலகில் வேறெங்கும் இல்லாத, ஹனிகிரீப்பர் என்ற சிறு பறவை இனங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. மீதமிருப்பவை கொசு ஏற முடியாத குளிர்ந்த மலை உச்சிகளில் ஒடுங்கியிருக்கின்றன. வெப்பம் ஏற ஏறக் கொசுவும் மேலே ஏறுகிறது. அந்த இனங்களைக் காக்க இப்போது வொல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை அங்கே விடுகிறார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது.

மனிதர்களுக்காகவும் அதே பாக்டீரியாவை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். வொல்பாக்கியா உள்ள ஏடிஸின் உடலில் டெங்கு வைரஸ் பெருகத் திணறும். ஜாவாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது, 2021-இல் முடிவு வெளியானது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. பயணிக்கு விரட்டி இருக்கிறது, ஊருக்குத் திரும்ப விமானம் இருக்கிறது. அங்கேயே வாழும் மக்களுக்கு வருடம் முழுவதும் இதே கொசுதான்.

அக்டோபர் 23

'ஒருமுறை டெங்கு வந்துவிட்டது, இனி வராது' என்று எழுதியவரே, தயவுசெய்து இதைப் படியுங்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்தால் அந்த வகைக்கு மட்டும் நிலையான எதிர்ப்பு. வேறு வகை இரண்டாவதாக வரும்போது பழைய எதிர்ப்பணுக்கள் அதைக் கொல்ல முடியாமல் ஒட்டிக்கொண்டு, அது செல்களுக்குள் நுழைய வழிசெய்துவிடலாம். அதனால்தான் இரண்டாவது டெங்கு கடுமையாகப் போகும் வாய்ப்பு அதிகம். உங்களுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. கியூடெங்கா என்ற தடுப்பூசி சில நாடுகளில் கிடைக்கிறது, மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி. முன்பே டெங்கு வந்தவர்கள் அடிக்கடி அத்தகைய இடங்களுக்குப் போவதானால் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள்.

அக்டோபர் 24

திரும்பி வந்த பிறகு வரும் காய்ச்சலைப் பற்றி. இந்த இழையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

தீவிலிருந்து வந்த சில நாளில் எனக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு எலும்பே உடைகிற மாதிரி. ஒரு மருத்துவமனைக்குப் போனேன். எங்காவது பயணம் போனீர்களா என்று யாரும் கேட்கவில்லை. வலிக்கு இப்யூபுரூஃபன் எழுதித் தந்தார்கள். நானே வாயைத் திறந்து, இந்தத் தீவுக்குப் போய் இந்தத் தேதியில் திரும்பினேன், பகலில் நிறையக் கடி என்று சொன்ன பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு. அந்த மாத்திரையை நான் போடவில்லை.

டெங்குவா என்று தெரியும் வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவுக்குள். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவைக் கூட்டும். முதல் ஐந்து நாளுக்குள் என்றால், டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனையில் தெரியும். அதற்குப் பிறகென்றால் எதிர்ப்பணுவைப் பார்ப்பார்கள்.

ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்கும்போது வருகிறது, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். உடம்பு குளிர்ந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் ஓய்வெடுக்கப் போகும் நேரம் அது. அப்போது வயிற்றில் கடுமையான வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பெரும் சோர்வு, நிலைகொள்ளாமை, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனை. இரவானாலும் போங்கள்.

மலேரியா உள்ள இடத்திலிருந்து திரும்பியவர் என்றால் அன்றைக்கே ரத்தத்தில் ஒட்டுண்ணியைத் தேடச் சொல்லுங்கள், மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும். ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒரே நாளில் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகும். திரும்பி ஒரு வருடம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகப் பயணத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம், திரும்பிய பிறகும் மூன்று வாரம் விரட்டியை விடாதீர்கள். உங்கள் ரத்தத்தில் வைரஸ் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். வீட்டுக் கொசு உங்களைக் கடித்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும்.

நவம்பர் 2

மொரீஷியஸ் என்று முடிவு செய்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. மலேரியா மாத்திரை தேவையில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே வெப்பம், மழை, புயல் எல்லாம் சேர்ந்த காலம், கொசுவும் அப்போதுதான் அதிகம். மே முதல் அக்டோபர் வரை குளிர்ந்து காய்ந்திருக்கும். தேதியை நகர்த்த முடிந்தால் அம்மாவுக்காக நகர்த்துங்கள். வழியில் மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடு எதிலாவது இறங்கிப் போவதானால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் சான்று செல்லும், ஒருமுறை போட்டால் வாழ்நாளுக்கும் போதும். ஆனால் 60 கடந்தவருக்கு முதன்முறையாக அந்த ஊசி போடுவதில் ஆபத்து கொஞ்சம் கூடுதல், அதனால் அம்மாவுக்கு நேரடி விமானமாகப் பாருங்கள்.

நவம்பர் 3

விரட்டியை எந்தப் பையில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய பாட்டிலைச் சரக்குப் பெட்டியில் வையுங்கள். 100 மில்லிக்குள் ஒரு சின்னப் பாட்டில் கைப்பையில் இருக்கட்டும். விமானம் மாலையில் இறங்கினால், பெட்டி வந்து சேர்வதற்குள் வண்டிக்காகச் செடிகளுக்கு அருகே நிற்க வேண்டியிருக்கும். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மகளுக்கும் அம்மாவுக்கும் காலில் பூசிவிடுங்கள், மகளுக்கு நீளக் காலுறையும் போட்டுவிடுங்கள்.